பொத்தானின் காலி கிளிப்

ஜனவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

கல்லூரி விடுதியில் என் சோப்பை எடுத்துக் குளித்துவிட்டு, எடுக்கவே இல்லை என்று சாதித்தவளை அண்ணி என்று எழுத வைத்துவிட்டான் என் அண்ணன். அவனே இப்போது நம் கடிதங்களைச் சுமந்துகொண்டு வாராவாரம் அலைகிறான் என்பதில் கொஞ்சம் ஆறுதல். பிரசவம் வரை அசையாமல் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், உன் அம்மா உன் போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டியதும் கேள்விப்பட்டேன். நல்ல காரியம். விட்டிருந்தால் படுத்தபடியே போனில் வகுப்பு எடுத்திருப்பாய்.

உன் இரண்டாம் வகுப்புக்கு நான் வந்து ஒரு வாரம் ஆகிறது. உன் பிள்ளைகள் இன்னும் என்னை டீச்சர் என்று ஒத்துக்கொள்ளவில்லை. வானொலி என்று நீ பேர் வைத்த பையனை நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வக்கீல் இருக்கிறாளே, அவள் எதற்கெடுத்தாலும் "எங்க டீச்சர் இப்படிப் பண்ண மாட்டாங்க" என்று என்மேல் வழக்குப் போடுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சுவர். தரையிலிருந்து என் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. அதில் துணி காயப்போடுகிற கிளிப்புகள், ஆளுக்கு ஒன்று, பேர் எழுதி. அதில் தொங்குவதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. பாதி வண்ணம் அடித்த வாத்து. தப்பும் தவறுமாகக் கூட்டல். ஒருவன் வெறும் காகிதத்தில் எச்சில் தடவிக் காயவைத்து மாட்டியிருக்கிறான், கேட்டால் மழையாம். ஆறு வருடம் துணிக்கடைக் கண்ணாடி ஜன்னலில் பொம்மைகளுக்கு உடுத்தி நிறுத்தியவள் நான். கடையை மூடினார்கள், நான் பழையபடி டீச்சர் ஆனேன், ஆனால் கண் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த மாதம் பெற்றோர் நாள். தலைமை ஆசிரியரும் என்னைக் கூப்பிட்டு, "அந்தச் சுவரைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி பண்ணுங்களேன்" என்றார்.

இன்னொன்று. ஒரு கிளிப் காலியாகவே இருக்கிறது. கடைசி வரிசைச் சின்னப்பெண்ணுடையது. சட்டையில் எல்லாப் பொத்தானும் வெள்ளை, ஒன்று மட்டும் சிவப்பு. நீயும் அவளைப் பொத்தான் என்றுதான் கூப்பிடுவாயாம். அவளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் மாட்டவில்லை? பெற்றோர் நாளன்று அவள் வீட்டார் வந்து பார்த்தால் நம்மை என்ன நினைப்பார்கள்?

சோப்பை மறக்காத,
உன் நாத்தனார்


ஜனவரி 13

நாத்தனாரே,

அது என் சோப்புதான். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

சுவரில் கைவைக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சுவர் நீ பார்க்கவோ தலைமை ஆசிரியர் பார்க்கவோ கட்டியது இல்லை. எதை மாட்டுவது என்று பிள்ளைகள்தான் முடிவு செய்வார்கள், அவர்களே மாட்டுவார்கள். நாம் திருத்துவதில்லை, அழகு பார்ப்பதில்லை. மாட்டியது வருடக் கடைசி வரை கிழியாமல் இருக்க வேண்டும். புதிதாக ஒன்று மாட்டினால் பழையது என் அலமாரிப் பெட்டிக்குப் போகும். அந்த எச்சில் மழையை மாட்டிய அன்றுதான் அந்தப் பயல் முதல்முதலாக அழாமல் வகுப்பில் உட்கார்ந்தான். உனக்கு அது எச்சில், அவனுக்கு அது மழை.

பொத்தான் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதையாக இரு. பள்ளி திறந்த நாளிலிருந்து அவள் ஒன்றும் மாட்டவில்லை. ஆனால் தினமும் காலையில் வந்ததும் முதலில் அந்தக் கிளிப்பிடம்தான் போவாள். திறப்பாள், மூடுவாள், திறப்பாள், மூடுவாள், பிறகு போய் உட்காருவாள். யாரோ எப்போதோ அந்தக் குழந்தையை ஏதோ சொல்லிக் காயப்படுத்தியிருக்கிறார்கள். தன் கையால் ஒன்றை மாட்ட அவள் தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்காக நான் காத்திருக்கிறேன். அந்த நாளை நான் பார்க்க வேண்டும் என்று இருந்தேன், இப்போது நீ பார்த்து எழுதுவாய். அதுவரை அந்தக் கிளிப் காலியாகவே இருக்கட்டும். அவளிடம் ஏன் என்று கேட்கக்கூட வேண்டாம்.

இங்கே எனக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவர். ஒரு ஆணிகூட இல்லை. காலை முதல் மாலை வரை அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மா இடப்பக்கமே படு என்கிறாள். வலப்பக்கம் திரும்பினால் உலகம் அழிந்துவிடும் போலிருக்கிறது.

உன் அண்ணி (பல்லைக் கடித்துக்கொண்டு நீயே அப்படி எழுதிவிட்டாய், நானும் ஒத்துக்கொள்கிறேன்)


ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் முழுவதும் படி. பிறகு திட்டு.

சுவரை மாற்றிவிட்டேன். கயிறு போயாச்சு. நீல சார்ட் ஒட்டி, ஓரத்துக்குத் தங்க நிறக் காகிதம் வெட்டி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே கொட்டை எழுத்தில் தலைப்பு. பெரியவர்கள் கண்ணுக்கு நேராக வரும்படி உயரத்தில். வாசலில் நின்று பார்த்தால் கடைத்தெருவில் விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. தலைமை ஆசிரியர் மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு டீச்சர்களை எல்லாம் அழைத்துவந்து காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மழையை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை, ஒரு ஓரத்தில் வைத்திருக்கிறேன், அதற்கும் தங்க ஓரம் கொடுத்து.

அடுத்தது கேள். பொத்தான் படமும் ஏறிவிட்டது! அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்து அசந்துபோனேன். சைக்கிள் படம். ஒரு பெரிய சக்கரம், ஒரு சின்னச் சக்கரம், இரண்டையும் சேர்க்கிற சங்கிலி, மிதிக்கிற இரண்டு பாதங்கள். அந்தப் பாதங்களில் நரம்புகூடத் தெரிகிறது. இதை வைத்துக்கொண்டா இவள் வெறும் கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்? நடு மத்தியில், எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டி, 'என் சைக்கிள்' என்று தலைப்பு வைத்தேன்.

நீ பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் சுவருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருந்தாள் என்று நினைக்கிறேன்.

இப்போது திட்டு.

உன் நாத்தனார்


ஜனவரி 27

எனக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பார்த்தால் பேனாவையும் பீரோவில் வைத்துப் பூட்டுவாள்.

நான் எதைச் செய்யாதே என்றேனோ அதைத் தேடிப் பிடித்துச் செய்திருக்கிறாய். அவள் பையிலிருந்து அவளைக் கேட்காமல் எடுத்தாய். அவள் கைக்கு எட்டாத இடத்தில் ஒட்டினாய். அந்தக் குழந்தை கீழே நின்று ரசித்தது என்று எழுதுகிறாயே, உனக்கு எப்படித் தெரியும்? பொம்மைக்கு உடுத்தினால் பொம்மை ஒன்றும் சொல்லாது. இவர்கள் பொம்மைகள் இல்லையடி.

உன் அண்ணன் உளறிவிட்டான். நீ கடிதத்தை ஒட்டி வைத்த மறுநாளிலிருந்து பொத்தான் பள்ளிக்கு வரவே இல்லையாமே? நீ அவனிடம் சொல்லி, என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாய். அவன் இங்கே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டான். ரகசியம் காக்க வேறு ஆளைப் பார்.

அவள் வீட்டுக்குப் போ. அம்மா தையல்காரர், கடைத்தெருவில் தையல் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறார்கள். அந்தப் பெண் பள்ளியே வேண்டாம் என்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. உன்னை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

சுவரை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அவளை நீ கூட்டிவா.


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனேன். ஒன்று விடாமல் எழுதுகிறேன், நீ இடப்பக்கமே படுத்துப் படி.

முதலில் சுவரிலிருந்து படத்தைக் கிழியாமல் எடுத்தேன். தங்க ஓரம், தலைப்பு எல்லாம் சேர்ந்தே வந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். பொத்தானின் அம்மா மெஷினை நிறுத்தவே இல்லை. தைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "படம் போட்டா பிடுங்கிக்கிறாங்கன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கா. நான் என்ன பண்ணட்டும்? அழவெச்சு அனுப்ப என்னால முடியாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார், அதுதான் எனக்கு உறைத்தது.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். மெஷினுக்கு எதிரே சுவர் முழுக்கப் பொத்தானின் படங்கள். உன் வகுப்பில் போட்டது, போன வருடம் போட்டது, கூட்டல் கணக்கு, எழுதிப் பழகிய அ, ஆ எல்லாம் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறது. நாள் முழுக்க அந்த அம்மாவால் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. பள்ளிக்கு ஒருநாள்கூட வந்ததில்லை. அதனால் பிள்ளை போடுவதை எல்லாம் அன்றன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அம்மா தைத்துக்கொண்டே தலையைத் தூக்கினால் பார்க்கலாம்.

புரிகிறதா உனக்கு? உன் கயிற்றில் மாட்டினால் அது வருடக் கடைசி வரை திரும்பாது. அலமாரிப் பெட்டிக்குப் போய்விடும். அவள் எதற்கு மாட்டுவாள்? அவளுக்கு ஏற்கெனவே ஒரு சுவர் இருக்கிறது.

அவள் துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். நானும் குனிந்து, முட்டி போட்டு, தலையில் இடித்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கே உட்கார்ந்து நிமிர்ந்தால் நேரே தெரிவது மெஷினின் கால்பக்கம். கீழே ஒரு பெரிய சக்கரம். மேலே ஒரு சின்னச் சக்கரம். நடுவில் பெல்ட். பலகையை மிதிக்கிற அவள் அம்மாவின் இரண்டு பாதங்கள். நரம்போடு.

சைக்கிளாம். தலைப்பு வேறு வைத்தேனே, கொட்டை எழுத்தில்.

நான் படத்தை நீட்டினேன். தப்புப் பண்ணிட்டேன், கேட்காமல் எடுத்திருக்கக் கூடாது என்று சொன்னேன். அவள் அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்து, நான் ஒட்டிய தங்க ஓரத்தை நாலு பக்கமும் நிதானமாக வெட்டினாள். 'என் சைக்கிள்' என்ற துண்டைத் தனியாக வெட்டி என் கையில் கொடுத்து, "இது உங்களோடது" என்றாள். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நாளைக்கு வருவியா என்று கேட்டேன். கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"கழட்டித் தருவீங்களா?"

"எதை?"

"மாட்டினதை. சாயங்காலம்."

"தர்றேன்."

"தினமும்?"

தினமும் தருகிறேன் என்றேன். மறுநாள் வந்தாள். உன்னைக் கேட்காமல் இப்படி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன், பொறுத்துக்கொள்.

அன்றைக்கு மாடியிறங்கி வரும்போது பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிப் போய் அந்தக் கிளிப்பைப் பற்றியும் கேட்டேன். நீ கேட்காதே என்றாய், என்னால் முடியவில்லை. தினமும் ஏன் திறந்து மூடுகிறாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "அந்தச் சத்தம் நல்லாருக்கும்."

உன் நாத்தனார்


பிப்ரவரி 6

என் நாத்தனாரே,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அம்மா ஓடி வந்தாள், வலி கண்டுவிட்டது என்று. பிறகு கொஞ்சம் அழுதேன். அதற்கும் ஓடி வந்தாள்.

பார், பள்ளி திறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு பெரிய கதை கட்டி வைத்திருந்தேன். காயம், பயம், தைரியம், ஒருநாள் அவள் எழுந்து வந்து மாட்டுவாள், நான் கண் கலங்குவேன். அவளுக்கோ அது 'டக் டக்' என்று சத்தம் போடுகிற ஒரு கிளிப். நீ படத்துக்குத் தப்பான தலைப்பு வைத்தாய். நான் பிள்ளைக்கே வைத்திருக்கிறேன். உன்னை அவ்வளவு திட்டினேன். திருப்பி எடுத்துக்கொள்கிறேன், பாதியை மட்டும். கேட்காமல் எடுத்ததற்கு உள்ள பாதி அப்படியே இருக்கட்டும்.

பெட்டியில் இருப்பதை எல்லாம் அவரவரிடம் கொடுத்துவிடு. பிள்ளைகளுக்கு நல்லது என்றுதான் சேர்த்து வைத்தேன். அவர்கள் வீட்டில் பார்க்க ஆள் இருக்கிறது என்பது எனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று இந்த வெள்ளைச் சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கயிற்றைத் திரும்பக் கட்டு. உன் நீல சார்ட் இருக்கட்டும், அது நன்றாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். பெற்றோர் நாளன்று பொத்தானின் அம்மா வருவாரா? அவர் வந்து, அவள் கையில் ஒரு படம் இருந்தால் போதும் எனக்கு.

உன் அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

பெற்றோர் நாள் முடிந்தது. தொண்டை கட்டிக்கொண்டது, கால் வீங்கிவிட்டது, உனக்குப் போட்டியாக நானும் படுத்திருக்கிறேன்.

கயிறு பழையபடி இடுப்பு உயரத்தில். வந்த அப்பா அம்மாக்கள் எல்லோரும் குனிந்து, சிலர் உட்கார்ந்தே பார்த்தார்கள். உட்கார்ந்ததால் அவசரம் காட்ட முடியவில்லை. தலைமை ஆசிரியர் மட்டும், நீல சார்ட் மேலே இருக்கிறது, படங்கள் ஏன் கீழே இருக்கின்றன என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். பொத்தானின் அம்மா வரவில்லை. கையில் அவசர வேலை. அது எனக்கு முன்பே தெரியும், இருந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கிளிப் காலியாக இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்பே வந்து அவளே மாட்டியிருந்தாள். படம் இல்லை. ஒரு சின்னத் துண்டுக் காகிதம். அதில் பென்சிலால், கோணல்மாணலாக:

'என் படம் எங்க வீட்டுல இருக்கு. தையல் கடைக்கு மேல மாடி. அம்மா இருப்பாங்க. வாங்க.'

தலைமை ஆசிரியர் குனிந்து படித்தார். இது என்ன, படம் மாட்டச் சொன்னால் விலாசம் மாட்டியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் குறுக்கே வந்து, "அது அவ கிளிப் சார். அவ இஷ்டம்" என்றாள். அவர் நிமிர்ந்து அடுத்த கிளிப்புக்கு நகர்ந்தார்.

வாங்க என்று எழுதினால் போகாமல் இருக்க முடியுமா? முதலில் வானொலியின் அம்மா போனார். வானொலி வழியெல்லாம் அறிவிப்பு. அதைக் கேட்டு இன்னும் நாலைந்து வீட்டார். மாடிப்படியில் வரிசையே நின்றது. பொத்தான் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மேசைக்கு அடியில் அனுப்பி, அங்கிருந்துதான் பார்க்கணும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். கடைசியில் தலைமை ஆசிரியரும் வந்தார். வயிறு இடம் கொடுக்கவில்லை. தரையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, அந்தப் படத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுத்தோம். படியிறங்கும்போது, "கயிறு அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

எல்லோரும் போன பிறகு பொத்தானின் அம்மா மெஷினை நிறுத்தினார். அன்றைக்கு முதல்முறையாக நின்ற மெஷின் அது. "இத்தனை பேர் வந்தாங்க, ஒருத்தர்கூடத் தைக்கத் துணி கொண்டு வரல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொத்தான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது, வந்துவிட்டேன்.

உன் வெள்ளைச் சுவருக்காகப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அண்ணனிடம் அனுப்புகிறேன். மழை மறுபடியும் புதிதாகப் பெய்திருக்கிறது, காயவில்லை, பார்த்துப் பிடி. பொத்தான் மட்டும் ஒன்றும் தரவில்லை. பார்க்கணும்னா டீச்சர் வரட்டும் என்கிறாள்.

உன் நாத்தனார்


மார்ச் 5

அத்தையாகிவிட்டவளுக்கு,

பெண். உன் அண்ணன் உனக்குப் போனில் சொல்லியிருப்பான், பாதி அழுகையில் எது உனக்குக் காதில் விழுந்ததோ தெரியாது. அதனால் நானே எழுதுகிறேன். நலமாக இருக்கிறாள், நலமாக இருக்கிறேன், இப்போது வலப்பக்கமும் படுக்கலாம். மூக்கு உன்னுடையது. பாவம்.

வெள்ளைச் சுவர் போயே போய்விட்டது. உன் அண்ணன் எல்லாத் தாளையும் கூரைக்குப் பக்கத்தில், ஏணி போட்டு ஒட்டியிருக்கிறான். உன் குடும்பத்துக்கே இந்த வியாதி. ஏன் இவ்வளவு மேலே என்று சண்டைக்குப் போனேன். "படுத்திருக்கவ கண்ணுக்கு அங்கதானே தெரியும்" என்றான். படுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் பாதத்தை மையில் தொட்டு ஒரு தாளில் பதித்துக் கொடுத்தார்கள். அதை இத்துடன் அனுப்புகிறேன். என் பேரில் கயிற்றில் ஒரு கிளிப் போட்டு, நம் பிள்ளைகள் பார்க்கும்படி மாட்டு. தலைப்பு நீ வைக்காதே. பொத்தானை வைக்கச் சொல்.

சாயங்காலம் கழற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். வாக்குக் கொடுத்தவள் நீ.

உன் அண்ணி


மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சொன்னபடி.

வகுப்பே வந்து பார்த்தது. வானொலி முதல்முறையாக வாய் பேசாமல் நின்றான். பொத்தானிடம் பென்சிலைக் கொடுத்து, இதற்குக் கீழே நீதான் எழுத வேண்டும், டீச்சர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் தாளைக் கையில் வாங்கி, கிட்டே வைத்துப் பார்த்து, என்னை ஒருமுறை பார்த்து, பிறகு எழுதினாள். நான் திருத்தவில்லை. நீயே பார்த்துக்கொள்.

'இது பாப்பா கால். சைக்கிள் இல்லை.'

உன் நாத்தனார்